மட்டை லாரியும் பால் சொசைட்டியும்: பயோமாஸை ஊர் கூடிப் பதப்படுத்துவது எப்படி?

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குப் போகும் சாலையில் தேங்காய் மட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறீர்களா? நான் பலமுறை மாட்டியிருக்கிறேன். இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, மேலே கயிறு போட்டு இறுக்கி, எந்த வளைவில் சரியுமோ என்று பயமுறுத்தியபடி ஒரு குன்று நகர்ந்துபோகும். முந்திப் போகவும் முடியாது. அதே லாரியில் சிமென்ட் ஏற்றினால் மூட்டைகள் இரண்டு மூன்றடிக்கு மேல் உயராது, ஆனால் லாரி தாங்குகிற எடை அதற்குள் வந்துவிடும். மட்டை லாரி தன் டீசலில் பெரும்பகுதியைக் காற்றைச் சுமக்கவே செலவழிக்கிறது. பச்சை மட்டை என்றால் காற்றோடு தண்ணீரையும்.

சொல்லவந்த விஷயத்துக்கு ஆரம்பப் புள்ளி இந்த லாரிதான்.

வைக்கோல், உமி, மட்டை, தேங்காய்த் தொட்டி, கரும்புச் சோகை, சாணம், சீமைக் கருவேல விறகு எல்லாவற்றையும் சேர்த்து பயோமாஸ் என்கிறார்கள். உயிருள்ளவற்றிலிருந்து வரும் எந்தப் பொருளும் இதில் அடங்கும். பாடப்புத்தகம் ‘உயிர்த்திரள்’ என்று சொல்லும். யாரும் பேச்சில் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் பயோமாஸ் என்றே வைத்துக்கொள்வோம். இதிலிருந்து நார், கரி, எரிவாயு, உரம், மின்சாரம் என்று எவ்வளவோ எடுக்கலாம். எடுக்கும் நுட்பமும் பெரும்பாலும் பழையது, எல்லோருக்கும் தெரிந்தது. அப்படியும் ஏன் இத்தனை வைக்கோல் கொளுத்தப்படுகிறது, இத்தனை சாணம் சும்மா காய்ந்துபோகிறது?

கச்சா எண்ணெயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணெய் ஒரே இடத்தில் கிடக்கிறது, குழாயில் ஓடுகிறது, தையிலும் ஆடியிலும் ஒரே மாதிரி கிடைக்கிறது. பயோமாஸ் ஆயிரம் வயலில் கைப்பிடி கைப்பிடியாகச் சிதறிக் கிடக்கிறது. அறுவடைக் காலத்தில் மலைபோல் குவியும், மூன்று மாதம் கழித்துத் தேடினால் இருக்காது. ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், காய்ந்தால் தீப்பிடிக்கும். இதைக்கொண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மாதிரி பெரிதாக ஒன்றைக் கட்டிவிட்டு, “எல்லாம் இங்கே வந்துசேரட்டும்” என்று காத்திருந்தால் வருவது கொஞ்சம்தான். வருவதும் விலை ஏறித்தான் வரும்.

கொஞ்சம் கணக்கு

உதிரி வைக்கோல் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 50 கிலோதான் இருக்கும். இயந்திரத்தில் அழுத்திக் கட்டினால் 150 கிலோ வரை கொண்டுவரலாம். அரைத்து, அச்சில் திணித்துக் குச்சிக் குச்சியாக வரும் பெல்லட் ஆக்கினால் 600 கிலோவைத் தொடும். 30 கன மீட்டர் கொள்ளும் ஒரு லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். உதிரியாக ஏற்றினால் ஒன்றரை டன், கட்டுக்கட்டாக ஏற்றினால் நாலரை டன், பெல்லட்டாக ஏற்றினால் 18 டன். லாரி அதே, ஓட்டுநர் அதே, சுங்கச்சாவடிக் கட்டணமும் அதே.

அடுத்து ஈரம். பாதி எடை தண்ணீராக இருக்கும் ஒரு டன் பச்சை விறகை எடுத்துக்கொள்வோம். அதில் 500 கிலோ விறகு, 500 கிலோ தண்ணீர். ஈரம் பத்து சதவீதம் ஆகும்வரை காயவிட்டால் மொத்த எடை 556 கிலோவுக்கு இறங்கிவிடும். மீதி 444 கிலோ வெயிலில் போய்விடும், செலவே இல்லாமல். அதே ஈரத்தை ஆலைக்குள் நெருப்பு மூட்டி விரட்டவேண்டுமென்றால், வெப்பம் ஒரு துளியும் வீணாகாத நிலையிலும் சுமார் 60 கிலோ காய்ந்த விறகை அதற்கென்றே எரிக்கவேண்டும். நிஜத்தில் இன்னும் கூடும். நம் ஊர் வெயிலைத் திட்டுகிறோம், இந்தத் தொழிலில் அதைவிட மலிவான கூலியாள் கிடையாது.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் சின்னச் சின்னதாகச் செய்துவிடலாமே? அங்கேதான் இழுபறி. ஆலை கட்டுபவர்களிடம் ஓர் அனுபவக் கணக்கு இருக்கிறது. கொள்ளளவை இரண்டு மடங்காக்கினால் கட்டுகிற செலவு இரண்டு மடங்காவதில்லை, ஒன்றரை மடங்கோடு நின்றுவிடும். பானையைப் பெரிதாக்கும்போது உள்ளே கொள்ளும் அளவு ஏறுகிற வேகத்தில் வெளியே பிடிக்கும் தகடு ஏறுவதில்லை என்பதுதான் காரணம். இரவுக் காவலர், கணக்குப்பிள்ளை, ஆய்வுக்கூடம் எல்லாம் சின்ன ஆலைக்கும் ஒன்று வேண்டும், பெரிய ஆலைக்கும் ஒன்று போதும். ஆக, ஆலைச் செலவு ‘பெரிதாகக் கட்டு’ என்கிறது.

லாரி வாடகை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. ஆலைக்கு நான்கு மடங்கு வைக்கோல் வேண்டுமென்றால் அதைச் சுற்றிச் சேகரிக்கும் வட்டத்தின் ஆரம் இரண்டு மடங்காக வேண்டும். நான்கு மடங்கு சுமை, சராசரியாக இரண்டு மடங்கு தூரம். ஆகப் போக்குவரத்துச் செலவு எட்டு மடங்கு.

இந்த இழுபறியை யாராவது ஒரு தரப்பு வென்றாகவேண்டும் என்பதில்லை. பதப்படுத்துவதை ஒரே வேலையாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, படிப்படியாகப் பிரித்துவிட்டால் போதும். காயவைப்பது, பிரிப்பது, நறுக்குவது, அழுத்துவது, கரியாக்குவது போன்ற, எடையையும் பருமனையும் குறைக்கும் முரட்டு வேலைகள் விளையும் இடத்துக்குப் பக்கத்திலேயே பல இடங்களில் நடக்கட்டும். துல்லியமான வெப்பமும் ரசாயனமும் பரிசோதனையும் தேவைப்படும் வேலைகள் ஒரு மையத்தில் நடக்கட்டும். பரவலாக்கப்பட்ட பதப்படுத்தல் என்று சொல்வதன் உள்ளடக்கம் இவ்வளவுதான். கூட்டாகச் செய்வது ஏன் தேவைப்படுகிறது என்பது கொஞ்சம் கழித்து வரும்.

ஒரு தேங்காய் பிரியும் விதம்

யாரும் திட்டம் போடாமலேயே இந்தப் பிரிவினை நம்மிடம் நடந்திருக்கிறது. கொங்குப் பகுதியில் ஒரு தேங்காய் எப்படிப் பிரிகிறது என்று கூடவே போய்ப் பார்க்கலாம்.

தோப்பிலேயே மட்டையை உரித்துவிடுகிறார்கள். மட்டை பக்கத்து மஞ்சி மில்லுக்கு, அதாவது நார் பிரிக்கும் ஆலைக்குப் போகிறது. அங்கே அடித்துப் பிரித்தால் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் நார், மீதி தூள். அந்தத் தூளைத்தான் பித் என்கிறார்கள். தேங்காய் கொப்பரைக் களத்துக்குப் போய், உடைபட்டு, வெயிலில் காய்கிறது. பருப்பு காங்கயம் பக்கம் எண்ணெய் ஆலைக்குப் போகும். தொட்டி (சென்னைக்காரர்களுக்குக் கொட்டாங்குச்சி, நெல்லைக்காரர்களுக்குச் சிரட்டை) கரி சுடுபவரிடம் போகும். கரி அங்கிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைக்குப் போய், 900 டிகிரி அளவுக்குச் சூடேறிய உலையில் நீராவி பாய்ச்சப்பட்டு, உள்ளெங்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழுந்து, கடைசியில் உங்கள் வீட்டுத் தண்ணீர் வடிகட்டிக்குள் வந்து உட்காரும்.

பழைய குழி முறையில் 1000 முழுத் தொட்டியைச் சுட்டால் 35 கிலோ கரி கிடைக்கும். ஒரு டன் கரிக்கு ஏறக்குறைய 30,000 தொட்டி. அப்படி மூன்று டன் கரி போனால் ஒரு டன் ஆக்டிவேட்டட் கார்பன் வரும். அதாவது அந்த ஒரு டன்னுக்குப் பின்னால் 90,000 தேங்காய் இருக்கிறது. தொட்டியாகவே ஆலைக்குக் கொண்டுபோவது எவ்வளவு அபத்தம் என்று இப்போது தெரியும். அதே சமயம், அந்த 900 டிகிரி உலையை ஊருக்கு ஊர் வைப்பதும் அபத்தம்தான். வெப்பம் கொஞ்சம் தப்பினால் கரி சாம்பலாகிவிடும், துளைகளின் அளவு தப்பினால் வாங்குபவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

பித் கதை இன்னும் சுவாரசியமானது. ஒரு காலத்தில் மில்களுக்குப் பக்கத்தில் மேடு மேடாகக் கிடந்த குப்பை அது. மழை பெய்தால் பழுப்புச் சாறு வழியும், கோடையில் தீப்பிடித்து நாட்கணக்கில் புகையும். தன் எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும் குணம் அதற்கு உண்டு. மண்ணில்லாமல் தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் வளர்க்கும் நெதர்லாந்துப் பண்ணைகளுக்கு அந்தக் குணம்தான் வேண்டியிருந்தது. ஆனால் பித்தில் உப்பு இருக்கும். அதைக் கழுவி, களத்தில் காயவைத்து, ஐந்து மடங்கு சுருங்கும்படி அழுத்தி, ஐந்து கிலோ கட்டியாக்கி அனுப்புகிறார்கள். உப்பின் அளவை ஈ.சி. மீட்டர் (மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து உப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்ப்பார்கள். ‘லோ ஈ.சி.’ என்றால் ஒரு விலை, ‘ஹை ஈ.சி.’ என்றால் வேறு விலை. பாக்கெட்டில் வைத்துக்கொள்ளும் அந்தச் சின்னக் கருவியை மறந்துவிடாதீர்கள், திரும்ப அதனிடம் வரவேண்டியிருக்கிறது.

பரவினால் புகையும் பரவும்

இதுவரை கேட்டால் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தொட்டிக்கரி சுடும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டுப்பாருங்கள். காங்கயம், பொள்ளாச்சி பக்கத்துக் கிராமங்களில் புகையால் மூச்சுவிட முடியவில்லை, கரியை அணைக்க ஊற்றும் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கிக் கிணற்று நீர் நிறம் மாறி நாறுகிறது என்று மக்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். பெரிய ஆலை என்றால் ஒரு புகைபோக்கி, அதன்மேல் ஒரு கண். நூறு குழி என்றால் யார் போய்ப் பார்ப்பது? சிறு தொழில் என்றாலே தூய்மை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எனக்கும் அந்த மயக்கம் ஒரு காலத்தில் இருந்தது.

புகை ஏன் வருகிறது? மரத்தையோ தொட்டியையோ காற்றுப் படாமல் சூடாக்கினால் அது எரியாது, உடையும். பைரோலிசிஸ் என்பது இதன் பெயர். முதலில் தண்ணீர் ஆவியாகும். பிறகு 250, 300 டிகிரியைத் தாண்டும்போது எரியக்கூடிய வாயுக்களும் தாரும் கிளம்பும். கடைசியில் கரி மிஞ்சும். அந்த வாயுவும் தாரும் எரியாமல் வெளியே தப்பினால் அதுதான் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை. தொட்டியில் இருந்த ஆற்றலில் பாதியளவு அப்படித்தான் காற்றோடு போகிறது. ஊரை நாறடிக்கும் அதே புகை ஓர் எரிபொருளும்கூட.

அதை எரித்துவிட வழி இருக்கிறது. 2014-ல் சுவிட்சர்லாந்தில் உருவான கான்-டிக்கி என்ற சூளை பார்க்க ஒரு பெரிய இரும்புக் கூம்பு மாதிரி இருக்கும், குறுகிய முனை கீழே, அகன்ற வாய் மேலே. அடியில் தீ மூட்டி, குச்சிகளை ஒரு அடுக்கு போடுவார்கள். அது எரிந்து மேலே சாம்பல் பூக்க ஆரம்பித்ததும் அடுத்த அடுக்கு. மேல் அடுக்கில் எரியும் தீ இரண்டு வேலை செய்கிறது. கீழிருந்து வரும் வாயுவைப் பிடித்து எரித்துவிடுகிறது, கீழே காற்று இறங்காமல் மூடியும் போடுகிறது. நிறைந்ததும் தண்ணீரோ மண்ணோ கொட்டி அணைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் கரி. மூடி இல்லாத சூளைதான், ஆனால் முறையாகப் போட்டால் புகை மிகக் குறைவு. கொல்லர் பட்டறையில் செய்துவிடக்கூடிய அமைப்பு என்பதால் பல நாடுகளுக்கும் சீக்கிரம் பரவியது. இன்னொரு வழி, வாயுவைக் குழாயில் பிடித்துக் கொப்பரை காயவைக்கும் அறைக்கோ செங்கல் சூளைக்கோ அனுப்புவது. அதற்குப் பக்கத்தில் வெப்பம் தேவைப்படும் இன்னொரு தொழில் இருக்கவேண்டும், இரண்டு பேரும் பேசிக்கொள்ளவும் வேண்டும்.

தேங்காய்ச் சங்கிலியில் இல்லாதது அந்தப் பேச்சுதான். பரவலாக்கம் நடந்துவிட்டது, ஆனால் நடுவில் இருப்பது வியாபாரிகளின் சங்கிலி. மட்டையை லோடு கணக்கில் விற்கும் விவசாயிக்கு அது எங்கே போய் என்ன விலைக்கு முடிகிறது என்று தெரியாது. கரி சுடுபவருக்குப் புகையை அடக்கச் செலவு செய்தால் கூட ஒரு ரூபாய் வராது. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. மொத்தமாகப் பார்த்தால் கிணறு கெட்டுப்போகிறது.

பால் இதை முன்பே கடந்துவிட்டது

பாலை நினைத்துப் பாருங்கள். அதுவும் சிதறிக் கிடப்பது, பெரும்பாலும் தண்ணீர், சில மணி நேரத்தில் கெட்டுவிடும், ஆளுக்கு இரண்டு லிட்டர் மூன்று லிட்டர்தான். பயோமாஸின் எல்லாத் தொல்லையும் பாலுக்கும் உண்டு. 1946-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் தொடங்கிய கூட்டுறவு ஒன்றியம் (இன்றைய அமுல்) வழியாக உருவான அமைப்பு இதற்கு மூன்றடுக்கு விடை கண்டது. அன்று கேடாவில் இருந்த ஆனந்த் ஊரின் பெயரால் அதை ‘ஆனந்த் மாதிரி’ என்பார்கள். நம் ஆவினும் அதே அமைப்புதான். ஊரில் சங்கம், மாவட்டத்தில் ஒன்றியம், மாநிலத்தில் அந்த ஒன்றியங்களின் இணையம். ஊரில் அளந்து, குளிரூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பவுடரும் வெண்ணெயும் மேலே நடக்கின்றன. வேலையைப் படியாகப் பிரிப்பது என்று நான் சொன்னதும் இதைத்தான்.

ஆனால் பால் சொசைட்டியில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மூன்றடுக்கைவிட, காலை ஐந்தரை மணிக்கு அங்கே நடக்கும் ஒரு சின்னக் காரியம். பாலை ஊற்றியதும் ஒரு மாதிரி எடுத்து, கொழுப்பும் இதர சத்தும் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். காசு அதற்குத்தான். வெறும் லிட்டருக்குக் காசு என்றிருந்தால் என்ன ஆகும்? மாட்டைவிடக் குழாயில் அதிகம் பால் கறந்திருப்பார்கள்!

பயோமாஸிலும் இதே கதை. எடைக்குக் காசு என்றால் வைக்கோல் கட்டு நனைந்து வரும், சாணத்தில் மண் கலந்து வரும், கரியில் சாம்பல் சேர்ந்து வரும். ஆலைக்காரர் எல்லோரையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைப்பார், ஒழுங்காகக் கொண்டுவந்தவரும் அடுத்த முறை “நமக்கென்ன” என்று நனைத்துக்கொண்டு வருவார். அளக்கும் கருவி வந்ததும் இது மாறுகிறது. பித்துக்கு ஈ.சி. மீட்டர். வைக்கோலுக்கும் விறகுக்கும் ஈரமானி. நல்ல தொட்டிக்கரியைக் கண்டுபிடிக்கக் கருவிகூட வேண்டாம் என்பார்கள். சிமென்ட் தரையில் போட்டால் கணீரென்று உலோகச் சத்தம் வரவேண்டும், உடைத்தால் உடைந்த இடம் பளபளக்கவேண்டும். காதால் கேட்பதை நானும் நீங்களும் ஒத்துக்கொள்ளலாம். முகம் தெரியாத வாங்குபவர் ஒத்துக்கொள்ள எண் வேண்டும்.

அந்த ஆனந்த் இப்போது தனி மாவட்டம், அங்கே சகரியாபுரா என்ற ஊர் இருக்கிறது. தேசிய பால்வள வாரியத்தின் உதவியோடு அங்கே வீட்டுக்கு வீடு சின்னச் சாண எரிவாயு கலன் வைத்தார்கள். ஒரு கன மீட்டர் எரிவாயுவுக்குச் சுமார் 25 கிலோ சாணம் தேவைப்படும். சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் அதை லாரியில் ஏற்றி எங்கோ கொண்டுபோவது வீண். வீட்டிலேயே கலனில் ஊற்றி, வரும் வாயுவை வீட்டு அடுப்பிலேயே எரிப்பது சரியான கணக்கு. இதில் புதுமை எதுவும் இல்லை, கோபர் கேஸ் நமக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். நம் ஊர்களில் அந்தக் கலன்கள் எத்தனை துருப்பிடித்துக் கிடக்கின்றன என்பதும் தெரியும்.

சகரியாபுராவில் சேர்த்தது அடுத்த படி. வாயு போனபின் மிஞ்சும் கரைசலைத் தன் வயலுக்குப் போக மீதியிருப்பதைப் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் லிட்டர் கணக்கில் விலைக்கு வாங்கிக்கொள்கிறது. சங்கம் அதை உரப்பொருளாக்கி விற்கிறது. பால்வள வாரியம் இந்த வகை உரங்களுக்கு ‘சுதன்’ என்று ஒரு பெயரும் வைத்தது. கரைசலுக்குக் காசு கிடைக்கிறது என்றால் கலனைத் தினமும் கவனிக்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அடுப்பு எரிவது இனாம் மாதிரி.

டென்மார்க்கில் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். 1992-ல் தொடங்கிய லெம்விக் எரிவாயு ஆலை பெரியது, ஒரே இடத்தில் இருப்பது. ஆனால் அதன் சொந்தக்காரர்கள் சுற்றியிருக்கும் விவசாயிகள். டாங்கர் லாரி பண்ணைக்குப் போய்ச் சாணக் கரைசலை எடுத்துவரும், நொதித்து முடிந்த கரைசலைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கும். லாரி காலியாக ஓடுவது குறைகிறது. வாயுவில் மின்சாரம் எடுத்தபின் மிஞ்சும் வெப்பம் வெந்நீராகக் குழாய் வழியே ஊர் வீடுகளுக்குப் போகிறது. அங்கே குளிர் அப்படி, வெந்நீருக்கு வாடிக்கையாளர் எப்போதும் உண்டு. மதுரையில் அந்த வெந்நீரை யாருக்கு விற்பது? ஓர் ஊரின் அமைப்பை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து நட முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இரண்டு ஊரிலும் ஒன்று பொது. மண்ணிலிருந்து வந்த சத்து மண்ணுக்குத் திரும்புகிறது. ஒரு டன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ பொட்டாசியம் இருக்கும். அதை அப்படியே தொலைதூர ஆலைக்கு விற்றுவிட்டால், அடுத்த வருடம் அதே பொட்டாசியத்தைப் பொட்டாஷ் மூட்டையாகக் கடையில் வாங்கவேண்டும். இந்தியாவுக்குப் பொட்டாஷ் இறக்குமதிச் சரக்கு. விவசாயிக்கு ஆலையில் பங்கு இருந்தால் “சாம்பலையாவது திருப்பிக் கொடு” என்று கேட்கமுடியும்.

இரண்டு வாரத்தில் ஓடும் இயந்திரம்

பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் வேறு தலைவலி. நெல் அறுத்து, கோதுமை விதைக்க இடையில் இருப்பது இரண்டு மூன்று வாரம். நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் வந்த சட்டங்கள் நெல் நடவைத் தள்ளிவைத்ததில் அந்த இடைவெளி இன்னும் சுருங்கியது. அறுவடை இயந்திரம் விட்டுப்போன நெல் தாளை எடுக்க நேரமும் இல்லை, ஆளும் இல்லை. கொளுத்திவிட ஒரு தீக்குச்சி போதும்.

இங்கே கட்டு கட்டும் இயந்திரத்தை ஒவ்வொருவரும் வாங்க முடியாது. வருடத்தில் இருபது நாள் ஓடி, 345 நாள் கொட்டகையில் தூங்கும். கூட்டுறவுச் சங்கங்களும் வாடகை மையங்களும் வாங்கி மாற்றி மாற்றி ஓட்டுவது அதனால்தான். அதிலும் சண்டை வரும். எல்லோருக்கும் அதே பத்து நாளில்தான் வேண்டும்! முறை வைப்பது, வெவ்வேறு நாளில் அறுவடைக்கு வரும் ரகங்களை நடுவது என்று விவசாயமும் சேர்ந்து மாறினால்தான் இயந்திரம் எல்லோருக்கும் எட்டும்.

இயந்திரமே வயலுக்கு வந்தால்? டில்லிக்காரரான வித்யுத் மோகனும் கெவின் குங்கும் சேர்ந்து தொடங்கிய டக்கச்சார் நிறுவனம் அந்த வழியில் போனது. டிராக்டர் பின்னால் இழுத்துச் செல்லக்கூடிய சின்ன உலை. குறைந்த காற்றில் வைக்கோலை வறுத்தெடுத்து எரிபொருளாகவும் உரமாகவும் ஆகக்கூடிய பொருளாக்கித் தருகிறது. வறுக்க வேண்டிய சூடு வைக்கோலிலிருந்தே வருகிறது. சுற்றுச்சூழல் தீர்வுகளுக்குக் கொடுக்கப்படும் எர்த்ஷாட் பரிசை 2021-ல் முதன்முதலாக வாங்கியவர்களில் இவர்களும் உண்டு. பரிசு வாங்கியதால் எல்லா வயலிலும் அது ஓடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆலையை நோக்கி வைக்கோல் போகவேண்டும் என்ற பழக்கத்தைத் திருப்பிப்போட்டது பிடித்திருக்கிறது.

நம் பக்கம் ஒரு கற்பனைக் கணக்கு

ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் போனவர்களுக்குக் கரிமூட்டம் தெரியும். சீமைக் கருவேலத்தை வெட்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மெழுகி, உள்ளே தீ வைத்து, நாட்கணக்கில் கண்விழித்துப் பார்த்துக்கொள்வார்கள். எங்காவது விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் மொத்தமும் சாம்பல். இரவில் எழுந்து மண் பூசுவது விளையாட்டு வேலை அல்ல. அந்த மாவட்டங்களில் இதே விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களும் உண்டு.

அங்கே பத்துக் கிராமங்கள் சேர்ந்து ஒன்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். யோசிக்கத்தான் சொல்கிறேன். வெட்டிய விறகு முதலில் சில வாரம் அங்கேயே கிடந்து காயும். மூட்டத்துக்கு ஆகாத மெல்லிய சுள்ளிகளைக் கூம்புச் சூளையில் போட்டுக் கரியாக்கி, தூளாக்கி, மண்ணுக்கே போடலாம், அல்லது மாவுப்பசை சேர்த்து அடுப்புக்கரிக் கட்டியாக்கலாம். சூளை ஊருக்கு ஒன்று. கட்டி அழுத்தும் இயந்திரம் பத்து ஊருக்கும் சேர்த்து ஒன்று. சலித்து, தரம் பிரித்து, மூட்டையில் முத்திரை போட்டு, வாங்குபவரோடு விலை பேசுவது ஒரே அலுவலகம். வரும் பணத்தில் வெட்டுபவர், சுடுபவர், இயந்திரம் ஓட்டுபவர், சங்கம் என்று யாருக்கு எவ்வளவு என்பதை முதல் மூட்டை போவதற்கு முன்பே எழுதிவைக்கவேண்டும். மூட்டை போனபிறகு எழுத உட்கார்ந்தால் சங்கம் உடையும்.

இன்னொன்றையும் எழுதிவைக்கவேண்டும், கழிவுக்கு விலை ஏறும்போது என்ன செய்வது என்று. பித்துக்கு நடந்தது இங்கேயும் நடக்கும். இனாமாகக் கிடைத்த சுள்ளிக்கு ஒருநாள் நிலத்துக்காரர் காசு கேட்பார், பெரிய கம்பெனி லாரியோடு வந்து சங்கத்தைவிட ஐம்பது பைசா கூடுதலாகக் கொடுக்கும். உறுப்பினர் அன்றைக்கு யாருக்கு விற்பார்? பால் சொசைட்டிகளும் இதே தனியார் வேன்களைத் தினமும் காலையில் எதிர்கொள்கின்றன. வருடக் கடைசியில் போனஸ், மாட்டுக்குக் கடன், தீவனம் என்று ஏதாவது ஒரு பிடிமானம் இருந்தால்தான் உறுப்பினர் நிற்கிறார். கரிக்கு அந்தப் பிடிமானம் எது என்று யோசித்துப் பார்த்தேன். சூளை பழுதானால் மறுநாளே வந்து ஒட்டவைத்துக் கொடுக்கும் ஒரு வெல்டர் சங்கத்தின் சம்பளத்தில் இருந்தால், ஐம்பது பைசாவுக்காக யாரும் அவ்வளவு சீக்கிரம் போய்விடமாட்டார்கள் என்று தோன்றுகிறது.